பழைய ஜீப்புக்கு எலக்ட்ரிக் ரேடியேட்டர் ஃபேன்: போடலாமா, போட்டா எப்படி போடணும்

தம்பி, நீங்க கேட்டத முதல்ல ஒரு தடவ சொல்லிடறேன், படிக்கிற மத்தவங்களுக்கும் புரியணும்ல. 90கள்ல வந்த மஹிந்திரா எம்எம் 540, அந்த 2112 சிசி பியூஜோ டீசல் இன்ஜின், சமதள ரோட்ல 60ல போனா டெம்பரேச்சர் மீட்டர் முள்ளு நடுவுலயே நிக்குது, கொல்லிமலை ஏறுறப்ப பாதி கொண்டை ஊசி தாண்டினதும் சிவப்புக்கு போகுது, மேல போய் ஓரமா நிறுத்தினா இன்னும் ஏறுது. இன்ஜின் ஃபேன கழட்டிட்டு எலக்ட்ரிக் ஃபேன் போட்டா சரியாகுமா, எந்த ஃபேன், வயரிங் எப்படி, ஓடையில எறங்கினா என்ன ஆகும். இதானே கேட்டீங்க.

போடலாம். நான் என் ஜீப்ல போட்டு ரொம்ப வருஷமா ஆழியார்லருந்து வால்பாறை ஏறிட்டு தான் இருக்கேன், அந்த 40 வளைவும் செகண்ட் கியர்ல, பின்னாடி நாலு பேரோட. ஆனா ஒன்னு மனசுல வச்சுக்கங்க, எலக்ட்ரிக் ஃபேன்ங்கறது பாதி வேல தான் ஃபேன் வேல, மீதி பாதி கரண்ட் வேல. நல்ல ஃபேன வாங்கி மோசமா வயர் இழுத்தவங்க வண்டி தான் நடு மலையில பானட் தொறந்து நிக்குது. அத விட முக்கியம், ஏற்கனவே சீக்கா இருக்கற ரேடியேட்டர் மேல புது ஃபேன மாட்டினா சீக்கு மறையும், போகாது. அதனால ஃபேன் கடைக்கு போறதுக்கு முன்னாடி ரெண்டு நாள் செலவு பண்ணி வண்டி ஏன் சூடாகுதுன்னு பாத்துடுங்க.

காலைல இன்ஜின் ஆறிப்போய் இருக்கறப்ப ரேடியேட்டர் மூடிய தொறங்க (சூட்டுல மட்டும் தொறக்கவே தொறக்காதீங்க, மூஞ்சியில அடிக்கும்). தண்ணி துரு கலர்ல இருந்தா உள்ள டியூப் அடைச்சிருக்குன்னு அர்த்தம். இன்ஜின ஸ்டார்ட் பண்ணி மூடி இல்லாம பாருங்க, ஆரம்பத்துல கொஞ்சம் குமிழ் வந்து நின்னுட்டா அது உள்ள மாட்டியிருந்த காத்து, நிக்காம வந்துட்டே இருந்தா, ஆக்சிலரேட்டர் குடுக்க குடுக்க அதிகமானா, ஹெட் கேஸ்கெட் (இன்ஜின் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவுல இருக்கற சீல்) போயிருக்கு, அப்ப பத்து ஃபேன் போட்டாலும் பிரயோஜனம் இல்ல. அப்புறம் டார்ச் அடிச்சு ரேடியேட்டர் ஃபின்ன (டியூப்புக்கு நடுவுல இருக்கற மெல்லிசு தகடு) பாருங்க, ஜீப்ல சேத்துல போய் வந்த மண்ணு, எண்ணெய் பிசுக்கோட சேந்து காஞ்சு கல்லு மாதிரி உக்காந்திருக்கும், வெளிய இருந்து பாத்தா சுத்தமா தெரியும், கழட்டி வெளிச்சத்துல புடிச்சா தான் மறுபக்கம் தெரியாதது தெரியும். பழசு செம்பு பித்தளை ரேடியேட்டர் தான, ரேடியேட்டர் பட்டறையில மேல டேங்க பிரிச்சு டியூப்ல கம்பி விட்டு குத்தி சுத்தம் பண்ணி திரும்ப ஈயம் வச்சு குடுப்பாங்க, அது ஒன்னுலயே பாதி வண்டி சரியாயிடும்.

அடுத்தது தெர்மோஸ்டாட், அதாவது தண்ணி சூடேறற வரைக்கும் ரேடியேட்டருக்கு போற வழிய மூடி வச்சு, சூடானதும் தொறக்கற வால்வு. நம்ம ஊர்ல சூடாகுதுன்னு சொன்ன உடனே நெறைய பட்டறையில அத கழட்டி குப்பையில போட்டுடறாங்க. என் வண்டியிலயும் நான் வாங்குறதுக்கு முன்னாடியே கழட்டியிருந்தாங்க. அது இல்லன்னா இன்ஜின் சூடே ஏறாம நாள் பூரா குளிர்ந்தே ஓடும், டீசலுக்கு அது நல்லதில்ல, சிலிண்டர் தேயும், புகை வரும். சில இன்ஜின்ல தெர்மோஸ்டாட் தொறக்கறப்பவே பைபாஸ் வழிய அடைக்கிற மாதிரி வச்சிருப்பாங்க, அத எடுத்துட்டா சுடு தண்ணியில ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கமே போகாம இன்ஜினுக்குள்ளயே சுத்தும், அதாவது ஆறட்டும்னு செஞ்சது மலையில சூடேத்தும். எலக்ட்ரிக் ஃபேன் போடறவங்களுக்கு இது இன்னும் முக்கியம், ஏன்னா ஃபேன் ஸ்விட்சோட டிகிரிய தெர்மோஸ்டாட்ட வச்சு தான் முடிவு பண்ணணும். புதுசு ஒன்னு வாங்கி போட்டுடுங்க.

ரேடியேட்டர் மூடிய யாரும் கண்டுக்கறதில்ல. மலை ஏறுற வண்டிக்கு அது உயிர் மாதிரி. கடல் மட்டத்துல தண்ணி 100 டிகிரில கொதிக்கும், கொடைக்கானல் உயரத்துல, அதாவது 2100 மீட்டர் பக்கம், 93 டிகிரிலயே கொதிக்க ஆரம்பிச்சுடும். 7 பிஎஸ்ஐ (அழுத்தத்தோட அளவு) மூடி அழுத்தத்த சரியா புடிச்சா அதே எடத்துல 106 வரைக்கும் தாங்கும். மூடியோட ரப்பர் காஞ்சு போயிருந்தா இந்த 13 டிகிரி உங்க கைய விட்டு போச்சு, இன்ஜின்ல எந்த குறையும் இல்லாமலே தண்ணி கொதிச்சு வெளிய கொட்டும். உங்க ரேடியேட்டருக்கு எத்தன பிஎஸ்ஐயோ அதே மூடி புதுசா போடுங்க, அதிகமா போட்டா பழைய ரேடியேட்டர்ல ஈயம் விட்டுரும். தண்ணியும் வெறும் குழாத்தண்ணி வேண்டாம், டிஸ்டில்டு வாட்டரும் கூலன்ட்டும் பாதிக்கு பாதி.

இதெல்லாம் பாத்தும் சூடு குறையலன்னா, அப்ப காத்து தான் பிரச்சன. அதுலயும் மொதல்ல பாக்க வேண்டியது ஃபேன சுத்தி இருக்கற கவுல், அதாவது காத்து ரேடியேட்டர் வழியா மட்டும் வர்ற மாதிரி மூடற கூடு. முக்கால்வாசி பழைய ஜீப்ல அது இருக்காது, எப்பவோ ஒரு தடவ பெல்ட் மாத்தறப்ப கழட்டினது திரும்ப ஏறவே இல்ல. கவுல் இல்லாத ஃபேன் ரேடியேட்டர்லருந்து காத்த இழுக்கறத விட்டுட்டு தன்ன சுத்தியே காத்த கிளறிட்டு இருக்கும். தகரத்துல ஒரு கவுல் அடிச்சு, ஃபேன் றெக்கையோட அகலத்துல பாதி கவுலுக்கு உள்ள, பாதி வெளிய நிக்கிற மாதிரி, றெக்கை நுனிக்கும் கவுலுக்கும் ஒரு இஞ்ச் விட்டு (இன்ஜின் ஆடும், அதனால தான் அந்த ஒரு இஞ்ச்) மாட்டி பாருங்க. அதுலயே உங்க பிரச்சன தீந்துட்டா இன்ஜின் ஃபேன் அப்படியே இருக்கட்டும், நான் மனசார சொல்றேன். பெல்ட் இருக்கற வரைக்கும் அது சுத்தும், ஃபியூஸ் கிடையாது, ரிலே (சின்ன கரண்ட்ட வச்சு பெரிய கரண்ட்ட ஆன் ஆஃப் பண்ற ஸ்விட்ச்) கிடையாது.

அப்ப எலக்ட்ரிக் எதுக்கு? உங்க வண்டி எங்க சூடாகுதுன்னு நீங்களே சொல்லிட்டீங்க. மெதுவா, பாரத்தோட, எதிர்காத்து இல்லாம ஏறுறப்ப, அப்புறம் மேல போய் நிறுத்தி ஐடில்ல விடறப்ப. இன்ஜின் ஃபேன் இன்ஜின் வேகத்துல தான் சுத்தும், ஐடில்ல 700, 800 சுத்து, அப்ப காத்து வேண்டியது ரொம்ப, கெடைக்கறது கொஞ்சம். ஹைவேல 3000 சுத்துல ஃபேன் காத்து தேவையே இல்ல, எதிர்காத்தே போதும், ஆனா ஃபேன் மட்டும் இன்ஜின் சக்திய தின்னுட்டு இருக்கும், சுத்து ரெண்டு மடங்கானா ஃபேன் எடுக்கற சக்தி எட்டு மடங்காகும், அது தான் பழைய ஜீப்ல வர்ற அந்த ஏரோப்ளேன் சத்தம். பியூஜோக்காரங்களே இத அந்தக் காலத்துல யோசிச்சிருக்காங்க, 404, 504 கார்கள்ல காந்த கிளட்ச் வச்ச ஃபேன், சூடானா மட்டும் ஒட்டிட்டு சுத்தும், இல்லன்னா சும்மா நிக்கும். எலக்ட்ரிக் ஃபேன் இன்ஜின் எந்த வேகத்துல இருந்தாலும் தன்னோட முழு வேகத்துல சுத்தும், வேணாம்னா நிக்கும், தண்ணியில எறங்கறப்ப நாம நிறுத்திக்கலாம். மைலேஜ் கூடும்னு யாராவது சொன்னா அத நம்பி மட்டும் போடாதீங்க, கூடினா கொஞ்சூண்டு தான்.

எத்தன பெரிய ஃபேன்ங்கறதுக்கு ஒரு மனக்கணக்கு போட்டு காட்றேன். மலையில உங்க இன்ஜின் ஒரு 25 குதிரை சக்தி குடுத்துட்டு ஏறுதுன்னு வைங்க, அது 18, 19 கிலோவாட். டீசல் இன்ஜின்ல சக்கரத்துக்கு போற அளவு சூடு தண்ணிக்கும் போகும்னு மோட்டாவா வச்சுக்கலாம். ரேடியேட்டர் வழியா போற காத்து 25 டிகிரி சூடேறி வெளிய போகுதுன்னா அந்த சூட்ட தூக்கிட்டு போக நிமிஷத்துக்கு கிட்டத்தட்ட 40 கன மீட்டர் காத்து வேணும், ஃபேன் டப்பாவுல போடற கணக்குல 1,400 கன அடி. ஆனா டப்பாவுல போட்டிருக்கற நம்பர் முன்னாடி எதுவும் இல்லாம வெறும் காத்துல ஓட்டினது, மூணு வரிசை ரேடியேட்டருக்கு பின்னாடி வச்சா அதுல நெறைய கொறஞ்சுடும். அதனால சின்ன காரோட 10 இஞ்ச் ஃபேன எடுத்து ஜீப்புக்கு வச்சா பத்தாது, ஒரு 16 இஞ்ச், இல்ல எடம் அகலமா இருந்தா ரெண்டு 12 இஞ்ச். ரெண்டு வச்சா ஒன்னு செத்தாலும் இன்னொன்னு வீட்டுக்கு கொண்டு வந்து சேக்கும், எனக்கு அது தான் புடிக்கும். கோயம்புத்தூர் உக்கடத்துலயோ சென்னை புதுப்பேட்டையிலயோ பழைய பார்ட்ஸ் கடையில பெரிய கார்கள்லருந்து கழட்டினது கவுலோட சேத்தே கெடைக்கும், பழசு வாங்கினா அங்கயே பேட்டரியில குடுத்து ஓட்டி பாருங்க, றெக்கைய கையால ஆட்டி பாருங்க, புஷ் தேஞ்சிருந்தா முன்ன பின்ன ஆடும், கர்ருன்னு சத்தம் வந்தா விட்டுருங்க. ஓடறப்ப எத்தன ஆம்ப் இழுக்குதுன்னு கிளாம்ப் மீட்டர் வச்சு பாத்து எழுதிக்கங்க, அந்த ஒரு நம்பர் இல்லாம மேல ஒரு வேலையும் ஆகாது. ஒரு 16 இஞ்ச் ஃபேன் 18, 20 ஆம்ப் எடுக்கும்னு வச்சுக்கலாம்.

இப்ப ஆல்டர்னேட்டர். பழைய ஜீப்ல வர்றது பெரும்பாலும் 35, 45 ஆம்ப் தான், அதுவும் முழு வேகத்துல. ஐடில்ல பாதி கூட வராது. ராத்திரி மழையில கணக்கு போடுங்க: ஹெட்லைட் ரெண்டு 55 வாட், 8 ஆம்ப், பார்க்கிங் டெயில் மீட்டர் லைட் எல்லாம் சேத்து 3, வைப்பர் 4, டீசல் பம்போட ஸ்டாப் சொலினாய்டு (கீ ஆன்ல இருக்கற வரைக்கும் டீசல் வழிய தொறந்து வைக்கிறது) 1, ஃபேன் 18. மொத்தம் 34. 35 ஆம்ப் ஆல்டர்னேட்டர் மலையில மெதுவா ஏறுறப்ப இத தாங்காது, மீதிய பேட்டரி குடுக்கும், ஒரு மணி நேரம் அப்படி போனா மறுநாள் காலைல செல்ஃப் சுத்தாது. பகல்ல மட்டும் ஓட்டறதுன்னா சமாளிச்சுக்கலாம். ராத்திரியும் ஓட்டுவீங்கன்னா 60 ஆம்புக்கு மேல ஒரு ஆல்டர்னேட்டருக்கும் சேத்து காசு ஒதுக்குங்க. இன்னும் டைனமோவே இருக்கற ரொம்ப பழைய வண்டின்னா எலக்ட்ரிக் ஃபேன் பேச்சே எடுக்காதீங்க, மொதல்ல ஆல்டர்னேட்டர்.

இன்னொன்னு, இத நெறைய பேர் சொல்லாம விட்டுடறாங்க. பழைய ஜீப்ல டேஷ்ல ஆம்ப் மீட்டர் இருக்கும், நடுவுல பூஜ்யம், ரெண்டு பக்கமும் 30. வண்டியில ஓடற சார்ஜிங் கரண்ட் மொத்தமும் அந்த மீட்டர் வழியா தான் பேட்டரிக்கு போகும். நீங்க ஃபேன பேட்டரி பாசிட்டிவ்ல இருந்து எடுத்தா ஃபேனுக்கு போற கரண்டும் ஆல்டர்னேட்டர்லருந்து அந்த மீட்டர தாண்டி தான் வரணும். 30 வருஷம் ஆன மீட்டர், பின்னாடி லூசான நட்டு, அதுல 20 ஆம்ப் நிக்காம ஓடினா சூடாகி ஒயர் உருகும், டேஷுக்கு பின்னாடி தீ புடிக்கிறது இப்படித்தான். ஆம்ப் மீட்டர எடுத்துட்டு ரெண்டு ஒயரையும் கனமா ஒன்னா சேத்துட்டு அந்த ஓட்டையில வோல்ட் மீட்டர் வச்சுடுங்க, வண்டியோட கரண்ட் நெலம அதுல தான் நல்லா தெரியும். மீட்டர் அப்படியே இருக்கணும்னா ஃபேன் ஒயர ஆல்டர்னேட்டரோட மெயின் டெர்மினல்லருந்து எடுங்க.

இனி மாட்டறது. இன்ஜின் ஃபேன கழட்டறப்ப கவனம், பல இன்ஜின்ல ஃபேனையும் வாட்டர் பம்ப் புல்லியையும் அதே நாலு போல்ட் தான் புடிச்சிருக்கும். ஃபேன எடுத்துட்டு அதே நீள போல்ட்ட முறுக்கினா போல்ட் அடியில முட்டி நின்னுடும், டைட்டா இருக்கற மாதிரி கைக்கு தெரியும், புல்லி மட்டும் லூசா ஆடிட்டு இருக்கும், நூறு கிலோமீட்டர்ல புல்லி ஓட்டைய தின்னுடும். ஃபேன் தகட்டோட கனத்துக்கு வாஷர் போடுங்க, இல்ல அந்த அளவுக்கு குட்டை போல்ட் வாங்குங்க, ஸ்பிரிங் வாஷரோட.

ஃபேன் ரேடியேட்டருக்கு பின்னாடி, இன்ஜின் பக்கம், இழுக்கற மாதிரி. முன்னாடி கிரில் பக்கம் வச்சு தள்ற மாதிரி போட்டா ஓடாதப்ப அதுவே காத்த மறைக்கும், சேறு கல்லு எல்லாம் நேரா மோட்டார்ல அடிக்கும். பின்னாடி எடம் இருக்கான்னு பாக்க புல்லி முனையிலருந்து ரேடியேட்டர் வரைக்கும் ஸ்கேல் வச்சு அளங்க, மெலிசான ஃபேனே 55, 65 மிமீ கனம் இருக்கும், மேல ஒரு 20 மிமீ இன்ஜின் ஆட்டத்துக்கு விடணும், குழியில எறங்கறப்ப இன்ஜின் முன்னாடி வரும். ரேடியேட்டர் முழுசையும் மூடற மாதிரி தகர கவுல் அடிச்சு அதுல ஃபேன் ஓட்டைய வெட்டுங்க, ஃபேன் றெக்கை ரேடியேட்டர ஒட்டாம 20 மிமீ தள்ளி நிக்கட்டும், அப்ப தான் வட்டத்துக்கு நேரா மட்டும் இல்லாம மூலையிலருந்தும் காத்து வரும். வேகமா போறப்ப கவுலே காத்த மறைக்காம இருக்க மூலையில ரெண்டு ஜன்னல் வெட்டி ரப்பர் ஷீட் தொங்கவிடலாம், உள்ளருந்து காத்து தள்ளினா தொறக்கும், ஃபேன் இழுத்தா மூடிக்கும்.

தயவு செஞ்சு ஃபின் வழியா பிளாஸ்டிக் டை விட்டு ஃபேன ரேடியேட்டர்லயே கட்டாதீங்க. ரோட்ல ஓடற காருக்கே அது சரியில்ல, ஜீப்ல குலுங்கற குலுக்கலுக்கு அந்த டை டியூப்ப ரம்பம் மாதிரி அறுத்துடும். ரெண்டு பக்கம் ரேடியேட்டர் ஃபிரேம்ல இருக்கற போல்ட்ல இரும்பு பட்டி குடுத்து அதுல மாட்டுங்க. ரேடியேட்டர் சுத்தி கிரில்லுக்கு நடுவுல இருக்கற சந்த பழைய சீட் ஸ்பாஞ்சோ ரப்பரோ வச்சு அடைச்சுடுங்க, இல்லன்னா இன்ஜின் பக்கம் போன சுடு காத்தே சுத்தி முன்னாடி வந்து திரும்ப ரேடியேட்டருக்குள்ள போகும். நின்ன எடத்துல சூடேற இதுவும் ஒரு காரணம்.

வயரிங். 40 ஆம்ப் ரிலே ஒன்னு, அடியில 30, 85, 86, 87னு நம்பர் போட்டிருக்கும். பேட்டரி பாசிட்டிவ்லருந்து (இல்ல ஆல்டர்னேட்டர்லருந்து) ஒரு சாண் தூரத்துக்குள்ள 30 ஆம்ப் ஃபியூஸ், அதுலருந்து ரிலே 30க்கு. 87லருந்து ஃபேன் பாசிட்டிவ். 86க்கு கீ ஸ்விட்ச் போட்டா வர்ற கரண்ட். 85லருந்து தெர்மோ ஸ்விட்ச் (தண்ணி சூடானா தானா ஆன் ஆகற ஸ்விட்ச்), அங்கருந்து எர்த். ரெண்டு ஃபேன்னா ரெண்டு ரிலே, ரெண்டு ஃபியூஸ், எதையும் பங்கு போடாதீங்க. ஃபேன் மோட்டார் ஸ்டார்ட் ஆகற நிமிஷம் ரெண்டு மூணு மடங்கு கரண்ட் இழுக்கும், அதனால தான் 18 ஆம்ப் ஃபேனுக்கு 30 ஆம்ப் ஃபியூஸ்.

கீ ஸ்விட்ச்லருந்து நேரா ஃபேனுக்கு கரண்ட் எடுத்த வண்டி ஒன்னு என்கிட்ட வந்துச்சு, யாரோ ஒரு பட்டறையில செஞ்சது. கீய ஆஃப் பண்ணினா இன்ஜின் நிக்கல, நாலஞ்சு செகண்ட் ஓடிட்டு தான் நின்னுச்சு. பம்ப் கெட்டுப்போச்சுன்னு அவர்கிட்ட சொல்லியிருக்காங்க. பம்ப்ல ஒன்னும் இல்ல, ஓடிட்டு இருக்கற ஃபேன் கரண்ட் நின்னதும் டைனமோ மாதிரி தானே கரண்ட் குடுக்கும், அது கீ லைன்ல திரும்பி வந்து ஸ்டாப் சொலினாய்ட தொறந்தே வச்சிருந்துச்சு. ரிலே போட்டு பிரிச்சதும் சரியாச்சு. அந்த கீ ஸ்விட்ச்ச பிரிச்சு பாத்தேன், உள்ள பித்தளை கான்டாக்ட் நீலம் பாஞ்சு பிளாஸ்டிக் உருகி ஒரு பக்கம் சாஞ்சிருந்துச்சு. இன்னும் ஒரு மாசம் போயிருந்தா அவர் நடு ரோட்ல நின்னிருப்பார்.

ஒயர் கனம்: 20 ஆம்புக்கு 4 ஸ்கொயர் எம்எம், குறைக்காதீங்க. போக வர நாலு மீட்டர் ஒயர்ல 4 ஸ்கொயர்ல 0.35 வோல்ட் தான் போகும், 1.5 ஸ்கொயர்ல 0.9 வோல்ட் போயிடும், ஃபேன் மெதுவா சுத்தும், ஒயர் சூடாகும். எர்த்த பாடியில ஒரு ஸ்குரூவுல மாட்டிட்டு போகாதீங்க, பழைய ஜீப் பாடி பெயின்ட் மேல பெயின்ட், நடுவுல துரு, அதே 4 ஸ்கொயர்ல நேரா பேட்டரி நெகட்டிவுக்கோ இன்ஜின் பிளாக்குக்கோ கொண்டு போங்க. ஒயர் முனைக்கு திம்பிள் (போல்ட்ல மாட்டற உலோக முனை) வச்சு சரியான பிளையர்ல அமுக்கி, மேல ஹீட் ஸ்லீவ். ஃபயர்வால் (இன்ஜினுக்கும் டேஷுக்கும் நடுவுல இருக்கற தகடு) ஓட்டையில ரப்பர் குரோமெட் இல்லாம ஒயர் விடக்கூடாது. ரிலேவ தண்ணி ஏறாத ஒசரத்துல, ஒயர் கீழ பாத்த மாதிரி.

தெர்மோ ஸ்விட்ச் எங்க வைக்கறதுங்கறதுல தான் நெறைய பேர் தப்பு பண்றாங்க. ஃபின்ல சொருகற கம்பி சென்சார் வேண்டாம், மேல் ஹோஸ்ல ரப்பருக்கு அடியில சொருகறதும் வேண்டாம், அங்க ஒழுகிட்டே இருக்கும். உங்களோடது பித்தளை டேங்க், ரேடியேட்டர் பட்டறையில ஸ்விட்சோட மரைக்கு ஏத்த பித்தளை புஷ் ஒன்ன கடைஞ்சு பத்த வைக்க சொல்லுங்க, மேல் டேங்க்ல, ஆனா டேங்கோட அடிப்பக்கமா, ஏன்னா தண்ணி கொஞ்சம் கொறஞ்சாலும் ஸ்விட்ச் தண்ணிக்குள்ள இருக்கணும், ஆவியில நின்னா அதுக்கு சரியா சூடு தெரியாது, ஃபேன் ஓடாது, இன்ஜின் போயிடும். தெர்மோஸ்டாட் 82ன்னா மேல் டேங்க்ல வைக்கற ஸ்விட்ச் 92ல ஆன் ஆகி 87ல ஆஃப் ஆகறது சரியா இருக்கும். தெர்மோஸ்டாட்டுக்கு கீழ டிகிரி வாங்கினா ஃபேன் நிக்கவே நிக்காது. கீழ் டேங்க்ல வைக்கறதா இருந்தா அங்க வர்றது ஏற்கனவே ஆறின தண்ணி, அப்ப 92 ஸ்விட்ச் ஆன் ஆகறப்ப இன்ஜின் 100ஐ தாண்டியிருக்கும், அதனால கம்மி டிகிரி வாங்கணும். ஒரு பின் ஸ்விட்ச் வேண்டாம், ரெண்டு பின் வாங்குங்க, பல ஜீப்ல ரேடியேட்டர் ரப்பர் மேல தான் உக்காந்திருக்கும், பாடியோட எர்த்தே இருக்காது, ஒரு பின் ஸ்விட்ச் அங்க வேலை செய்யாது.

மாட்டறதுக்கு முன்னாடி ஸ்விட்ச அடுப்புல வச்சு பாத்துடுங்க. பழைய பாத்திரத்துல தண்ணி, ஸ்விட்ச பின் ரெண்டும் மேல இருக்கற மாதிரி கம்பியில தொங்கவிட்டு, பித்தளை பாகம் மட்டும் முங்கட்டும், பக்கத்துல தெர்மாமீட்டர், மல்டிமீட்டர சத்தம் போடற எடத்துல வச்சு ரெண்டு பின்லயும் புடிங்க. தண்ணி சுத்தி சின்ன சின்ன குமிழ் வந்து பாத்திரம் முனக ஆரம்பிக்கறப்ப மீட்டர் பீப்னு கத்தும், அப்ப டிகிரிய பாருங்க, அடுப்ப அணைச்சு நிக்கறப்ப எத்தன டிகிரின்னு பாருங்க. நான் ஒரே கடையில வாங்கின மூணு ஸ்விட்ச்ல ஒன்னு தண்ணி கொதிச்ச பிறகும் கத்தவே இல்ல. மேல அடிச்சிருந்த நம்பர் மூணுலயும் ஒன்னு தான்.

டேஷ்ல மூணு நெலை ஸ்விட்ச் ஒன்னு வைங்க: ஆட்டோ, ஆஃப், நேரடியா ஆன். தெர்மோ ஸ்விட்ச் செத்தாலும் கையால ஓட்டிக்கலாம். 87லருந்து ஒரு சின்ன ஒயர் எடுத்து டேஷ்ல பச்சை பல்பு, ரிலே கரண்ட் குடுக்கறப்ப எரியும், ஆஃப் நெலைக்கு ஒரு சிவப்பு பல்பு.

அந்த ஆஃப் தண்ணிக்கு தான். ஓடையில எறங்கறப்ப ஓடற ஃபேன் தண்ணிய தொட்டா றெக்கை வளைஞ்சு ரேடியேட்டர்ல போய் உரசும், இல்ல மோட்டார் தெணறி ஃபியூஸ் போகும். இன்ஜின் ஃபேன்லயும் இதே தொல்லை உண்டு, படகு மோட்டார் மாதிரி தண்ணிய வாரி இன்ஜின் மேல அடிக்கும், பெரியவங்க அதனால தான் ஆழமான ஓடைன்னா பெல்ட்ட கழட்டிட்டு கடப்பாங்க. நீங்க எறங்கறதுக்கு ரெண்டு நிமிஷம் முன்னாடியே ஆஃப் பண்ணுங்க, சூடான மோட்டார் திடீர்னு குளிர்ந்த தண்ணியில முங்கினா உள்ள தண்ணிய உறிஞ்சும். கரை ஏறினதும் ஒரு நிமிஷம் தண்ணி வடிய விட்டு ஆட்டோவுல போடுங்க. சிவப்பு பல்பு எதுக்குன்னா, ஓடைய தாண்டின சந்தோஷத்துல ஆஃப்லயே விட்டுட்டு மலை ஏறினவங்கள எனக்கு தெரியும், ஹெட் வளைஞ்சு போச்சு.

எல்லாம் மாட்டினதும் ரோட்டுக்கு எடுக்கறதுக்கு முன்னாடி வீட்டு வாசல்லயே பாத்துடுங்க. ஃபேன ஆன்ல போட்டு கிரில் முன்னாடி ஒரு நியூஸ்பேப்பர் தாள புடிங்க, சப்புன்னு ஒட்டிக்கணும், பறந்தா ஃபேன் தலைகீழா சுத்துது. பாசிட்டிவ் நெகட்டிவ மாத்தினா திசை மாறும் தான், ஆனா றெக்கை வளைவு இழுக்கற பக்கத்துக்கு இருக்கான்னும் பாக்கணும், திசை சரி வளைவு தப்புன்னா பாதி காத்து தான் வரும். அப்புறம் மல்டிமீட்டர்ல பேட்டரி முனையில ஒரு தடவ, ஓடற ஃபேன் சாக்கெட்ல ஒரு தடவ, ரெண்டுக்கும் அரை வோல்ட்டுக்கு மேல வித்தியாசம் இருந்தா எங்கயோ லூஸ். பத்து நிமிஷம் கழிச்சு ஃபியூஸ் ஹோல்டர தொட்டு பாருங்க, வெதுவெதுன்னு இருந்தா பரவால்ல, கை வைக்க முடியலன்னா அந்த ஹோல்டர தூக்கி போட்டுட்டு நல்லது வாங்குங்க. ஐடில்ல விட்டு ஃபேன் ஆன் ஆகி கொஞ்ச நேரத்துல தானா ஆஃப் ஆகுதான்னு மூணு தடவ பாருங்க, ஆகாம ஓடிட்டே இருந்தா ரேடியேட்டர்ல இன்னும் அடைப்பு இருக்கு. இந்த நேரம் பூரா பானட்டுக்குள்ள கைய விடாதீங்க, சொல்லாம கொள்ளாம ஸ்டார்ட் ஆகும், வீட்ல குழந்தைங்க இருந்தா பக்கத்துல விடாதீங்க.

மொத தடவ கொல்லிமலைக்கு தனியா, பாரம் இல்லாம, பகல்ல போங்க. காரவள்ளியில தண்ணி பாத்துட்டு ஏறுங்க, 70 வளைவுல ஒவ்வொரு பத்துக்கும் முள்ளு எங்க நிக்குது, வோல்ட் மீட்டர் எத்தன காட்டுதுன்னு பக்கத்துல இருக்கறவர எழுத சொல்லுங்க. 13க்கு கீழ எறங்கிட்டே போனா ஆல்டர்னேட்டர மாத்தணும், முள்ளு மட்டும் ஏறுதுன்னா கவுல்ல சந்து பாருங்க. கழட்டின இன்ஜின் ஃபேன், அந்த நாலு நீள போல்ட், ஒரு 10 நம்பர் 13 நம்பர் ஸ்பானர், ரெண்டு 30 ஆம்ப் ஃபியூஸ், ஒரு ரிலே, எல்லாத்தையும் ஒரு சாக்குல சுத்தி பின் சீட்டுக்கு அடியில ஒரு வருஷத்துக்காவது வச்சிருங்க. புது கவுல கழட்டிட்டு இன்ஜின் ஃபேன திரும்ப ஏத்த அரை மணி நேரம் போதும். அளவு எடுத்ததும் ரேடியேட்டர் அகலம், ஒசரம், புல்லிக்கு முன்னாடி இருக்கற சந்து, ஆல்டர்னேட்டர் மேல அடிச்சிருக்கற நம்பர், இந்த நாலையும் எழுதுங்க, எந்த ஃபேன் சரியா உக்காரும்னு பாத்து சொல்றேன்.